தாய்மாமனுக்கு முதல் கிண்ணம்

மகன்,

உன் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் மீனைப் பிரட்டிப் போட்ட கதையிலிருந்துதான் இந்தக் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ அதை மறந்துவிட்டவன்போல நடிக்கிறாய். நல்ல பிள்ளை. ஆனால் நான் மறக்கவில்லை. லூயிஷாமில் அந்தச் சின்ன வீட்டுக்கு நாங்கள் யிங்கைப் பெண் கேட்டுப் போன அன்று, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி அவித்த ஒரு முழு மீனை, தலை என்னைப் பார்க்கும்படி கொண்டுவந்து வைத்தார்கள். அது மரியாதை என்று அப்போது எனக்குத் தெரியாது, மீன் என்னை முறைக்கிறது என்றுதான் நினைத்தேன். குச்சியால் சாப்பிட முயன்று, இரண்டு தரம் என் காற்சட்டைக்கு ஊட்டிவிட்டு, கரண்டிக்கு மாறினேன். மேல்பக்கச் சதை முடிந்ததும் அடுத்தது என்ன என்று தெரியாமல் முழித்தேன். பக்கத்தில் உன் மாமா இருந்தார், அம்மாவின் அண்ணர், கோவில் சபைத் தலைவர், தட்டில் சோறும் கீரையும் மட்டும். அவர் என் காதுக்குள் சொன்னார்: "திருப்பும் மச்சான். மற்றப் பக்கம்தான் சதை கூட." நான் வாலைக் கையால் பிடித்து ஒரே பிரட்டாகப் பிரட்டினேன். குழம்பு தெறித்து யிங்கின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. உன் மாமனார் லின் குச்சிகளைக் கீழே வைத்தார், எழும்பிப் பின்வளவுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

யிங்தான் மெல்லமாக எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். அவர்கள் ஃபுஜியான் மாகாணத்துக் கடற்கரை ஆட்கள், படகுக் குடும்பம். மீனைத் திருப்பினால் படகு கவிழும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேல்பக்கம் முடிந்தால் நடுமுள்ளைத் தூக்கி எடுத்துவிட்டு, கீழ்ப்பக்கத்தை அப்படியே சாப்பிட வேண்டும். லின்னின் அண்ணர் போன படகு கவிழ்ந்துதான் அவர் திரும்பி வரவில்லை. அதன்பிறகு லின்னின் முன்னால் ஒருவரும் மீனைத் திருப்பினதில்லை, கொழும்பு வழியாக லண்டன் வந்து பெற்றோல் செட்டில் காசாளராக இருந்து ஓய்வெடுத்த உன் அப்பாவைத் தவிர.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. நீ வேலைக்குப் போய் வந்து சாப்பிடாமல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாய். அம்மா என்னோடு கதைத்தது இரண்டே வசனம். "வாயைத்தான் கட்டமாட்டியள் எண்டு தெரியும். கையையாவது கட்டியிருக்கலாமே." நானும் அது என் அறியாமை என்றுதான் நம்பினேன். எனக்கு அறியாமை புதிதும் இல்லை, பூமிசாத்திரத்தில் பெயிலாகிப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை கோவிலில், சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் குனிந்து என் ஒற்றைச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, உன் மாமாவின் குரல் கேட்டது. சபை ஆட்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "கோவிலுக்குக் கருங்கல்லுப் பாக்க நான் ஃபுஜியானுக்குப் போகேக்க எனக்கும் சொல்லித் தந்தவை, மீனை மட்டும் திருப்பிப் போடாதையுங்கோ எண்டு. எங்கட மச்சானுக்கு நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னன். மனுசன் வாலைப் பிடிச்சு எறிஞ்சார், பாருங்கோ, வலை எறியிற மாதிரி." எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒற்றைச் சப்பாத்தோடு அங்கேயே குந்தியிருந்தேன். அவர்கள் போகும்வரைக்கும் எழும்பவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை நீ பெட்டி அடுக்கும்போது என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, நாங்கள் சியாமெனுக்குப் போறதுக்கு முதல் மாமாட்ட ஒருக்கா மன்னிப்புக் கேளுங்கோ. அவர் எங்கட வீட்டுப் பக்கமே வாறேல்லை. அம்மா அழுறா." நான் உன் பெட்டியின் சிப்பைப் பூட்டிக் கொடுத்தேன். அதற்கான பதில் இது. நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வருசம் வாழப்போகும் ஃபுஜியான் மாகாணத்தைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சேர்த்தே எழுதுகிறேன். ஏனென்றால் அந்த மாகாணத்தை நான் படித்ததே உன் மாமாவைப் பழி வாங்கத்தான். நல்ல நோக்கத்துக்குப் படித்தது எதுவும் என் மண்டையில் நின்றதில்லை.

முதலில் லின்னிடம் தனியாகப் போனேன். எங்கள் கோலியர்ஸ் வுட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி, ஒரு பெட்டி அன்னாசிப்பழக் கேக்கோடு. அவர் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, கேக்கைப் பார்த்து, உள்ளே விட்டார். என் இங்கிலிசும் நொண்டி, அவருடையதும் நொண்டி. இரண்டு நொண்டிகளும் ஒரே பக்கம் சாய்ந்ததால் கதை நன்றாக நடந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணி ஊற்றினார். கட்டைவிரல் அளவு கோப்பை. முதல் தண்ணியைக் கோப்பைகளைக் கழுவுகிற மாதிரிச் சுற்றி வெளியே ஊற்றிவிட்டார். சரி, என்மேல் கோபம், எனக்கு ஊற்ற மனம் வரவில்லை என்று நான் எழும்பப் பார்த்தேன். "உட்காருங்கள். அது இலைக்குக் குளிப்பு. இனித்தான் குடிப்பது," என்றார். நீ அங்கே போனால் இதைக் கவனி. எவராவது உனக்கு ஊற்றினால், விரல் இரண்டால் மேசையில் மெல்லத் தட்ட வேண்டும், அதுதான் நன்றி. கோப்பை காலியானால் மீண்டும் நிரப்புவார்கள், போதும் என்றால் மிச்சம் வைத்துவிட வேண்டும். நான் முதல் நாள் நல்ல பிள்ளையாக ஒவ்வொரு முறையும் காலியாக்கி, ரயிலில் வரும்போது ஒவ்வொரு ஸ்டேசனிலும் இறங்க வேண்டியதாய்ப் போயிற்று.

அதன்பிறகு ஒவ்வொரு செவ்வாயும் போனேன். தன் ஊரை எனக்குக் காட்ட லின் தேத்தண்ணித் தட்டைத்தான் பாவித்தார். கேத்தில், சாடி, கோப்பைகள் எல்லாவற்றையும் தட்டின் நடுவில் நெருக்கி அடுக்கினார். "மலை. மலை. பிறகும் மலை." தட்டின் விளிம்பை விரலால் வளைத்து வளைத்துக் காட்டினார். "இது கடற்கரை, கிழிந்த துணி மாதிரி. எதிரில் தாய்வான்." நிலமே இல்லை, மகன். நெல்லு விதைக்க ஒரு கைப்பிடி இடம், மிச்சமெல்லாம் கல்லும் காடும். ஒரு மலைக்கு இந்தப் பக்கத்து ஊர்ப் பேச்சு அந்தப் பக்கத்து ஊருக்கு விளங்காது. நீ சியாமெனில் யிங்கை நம்பி இருந்துவிடாதே, அவளுடைய பிங்தான் தீவுப் பேச்சு அங்கே அவளுக்கே உதவாது. நிலம் இல்லாததால்தான் அந்தச் சனம் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றது. மலாயா, மணிலா, சிங்கப்பூர், பிறகு லண்டன் என்று போய்க்கொண்டே இருந்தது. லின்னும் அப்படி வந்து ஒரு உணவகச் சமையலறையில் இளமையைக் கழுவி ஊற்றினவர்தான். அவருடைய பிங்தான் தீவில் காற்று அப்படி அடிக்குமாம், வீடுகளைக் கருங்கல்லில் கட்டி, ஓடு பறக்காமல் ஓட்டுக்கு மேலேயும் கல்லை அடுக்கி வைப்பார்களாம். எங்கள் தலைக்கு மேலும் ஒரு காலத்தில் ஏதாவது பாரம் வைத்திருந்தால் நாங்களும் பறந்திருக்கமாட்டோம் என்று நான் பகிடி சொன்னேன். அவருக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கினதும் இன்னொரு கோப்பை ஊற்றினார்.

நாங்கள் தேத்தண்ணி, தேயிலை என்கிறோமே, அந்தத் 'தே' அவர்களுடைய தெற்குக் கரைச் சனத்தின் வாயிலிருந்து கப்பலேறி வந்ததாம். சியாமெனுக்குக் கொஞ்சம் வடக்கே சுவான்ஜோ என்ற துறைமுகத்தில் எழுநூறு வருசத்துக்கு முன்பே தமிழ் வியாபாரிகள் சிவன் கோவில் கட்டியிருந்தார்கள், உடைந்த கல்லுகள் இன்றும் அங்கே இருக்கின்றன. போய்ப் பார். உன் மாமா அதைத் தானே கட்டினவர் மாதிரிக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குப் பிடித்தது வேறு சங்கதி. பெரிய சீனக் கப்பற்படை எங்கள் இலங்கைத் தீவுக்கு வந்த காலத்தில், அது புறப்பட்டது இந்த ஃபுஜியான் கரையிலிருந்துதான். காற்றுத் திரும்பும்வரை அங்கே மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்களாம். எங்கள் அரசன் ஒருவன் அந்தத் தளபதியை மதிக்காமல் நடந்தான். தளபதி சண்டை பிடிக்காமல் திரும்பிப் போனான். அடுத்த தரம் வந்தபோது அரசனையே பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான். இதை லின் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனார். நான் மட்டும் அந்த மேசையில் இருந்து நன்றாக யோசித்தேன். காற்றுத் திரும்பும்வரை காத்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

கலியாணப் பேச்சு திரும்பத் தொடங்கினது அந்தத் தேத்தண்ணியால்தான். நீ உன் கெட்டித்தனம் என்று நினைத்திருப்பாய். காலையில் கோவிலில் தாலி, மத்தியானம் மண்டபத்தில் அவர்கள் முறைப்படி விருந்து என்று முடிவானது. அப்போது லின் கேட்டார்: "மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சகோதரன் உண்டா?" ஓம், ஒருவர் இருக்கிறார், என்றேன். லின் எழும்பி நின்றார். "அப்படியென்றால் அவர்தான் பெரியவர். எங்கள் ஊரில் கலியாண விருந்தில் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குத்தான் தலைமை நாற்காலி. அவர் உட்காராமல் ஒருவரும் உட்கார முடியாது. அவர் முதல் வாய் வைக்காமல் ஒரு மேசையிலும் குச்சி தூக்க முடியாது. நான் என் கையால் அவருக்கு முதல் கிண்ணம் கொடுக்க வேண்டும்." மகன், என் கையிலிருந்த தேத்தண்ணி எனக்குப் புரையேறியது. அந்த மனுசனை விழுத்த நான் ஒரு மாகாணத்தையே படித்திருக்கிறேன், அந்த மாகாணம் எழும்பி வந்து அவரைச் சிங்காசனத்தில் ஏற்றுகிறது. எங்கள் முறையிலும் தாய்மாமனுக்கு மாலை இருக்கிறது, அதைத் தாங்கிக்கொண்டேன். ஆனால் லின் தன் இரண்டு கையாலும் அவருக்குக் கொடுப்பது என்பதைத் தாங்க ஏலவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்து, "அப்ப அண்ணைக்கு ஒரு புது வேட்டி எடுப்பம்," என்றாள்.

அடுத்த செவ்வாய் லின் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். முதல் கிண்ணத்தில் என்ன கொடுப்பது என்று அவர் எப்போதோ முடிவெடுத்துவிட்டார். ஃபுஜோ நகரத்துப் பெயர்போன சூப் ஒன்று. மண்சாடிக்குள் கணவாய், கடலட்டை, சிப்பி, கோழி, பன்றிக்கால் நரம்பு, காடைமுட்டை, எல்லாவற்றையும் அடுக்கி, மதுவை ஊற்றி, வாயைத் தாமரை இலையால் கட்டி, மெல்லிய நெருப்பில் நாள் முழுக்க வைப்பது. கட்டை அவிழ்த்ததும் வருகிற வாசத்துக்கு, மச்சம் மாமிசம் தொடாத புத்த சாமியார் ஒருவர் மடத்து மதிலால் ஏறிக் குதித்து வந்தாராம். அதன் பெயரே அதுதான். லின் அதைச் சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். "நானே சமைப்பேன். கடைசியாக ஒரு தரம்." எனக்கு அந்தக் கணமே காற்றுத் திரும்பிவிட்டது. உன் மாமா தலைவரான நாளிலிருந்து மச்சம் தொடாதவர். அதையும் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி, மற்றவர்கள் வீட்டு மீன்குழம்பு வாசத்துக்கு மூக்கைப் பொத்திக் காட்டுகிறவர்.

லின் விசயம் தெரியாதவர் இல்லை. "அன்றைக்கு அவர் கீரை மட்டும் சாப்பிட்டாரே," என்று கேட்டார். "அன்றைக்கு விரதம்," என்றேன். "மற்ற நாளில்?" "மற்ற நாளில் மதில் ஏறிக் குதிப்பார்." லின் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். கோவில் ஆட்களுக்கு நீ தனியாகச் சைவ மேசை போட்டிருந்தாய். மாமாவும் அதிலேதான் இருப்பார் என்று நீ நினைத்தாய், அவரும் நினைத்தார். நான் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கலியாணத்துக்கு முதல் கிழமை முழுக்க நான் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன். அம்மா அதைப் பிள்ளைப் பாசம் என்று நினைத்தாள்.

மண்டபத்தில் நடந்ததை நீ மணமக்கள் மேசையிலிருந்து பார்த்தாய். நான் பார்த்தது அவருக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து. லின் வந்து, குனிந்து, உன் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தலைமை நாற்காலியில் இருத்தியபோது, அந்தப் புது வேட்டிக்குள் மனுசன் ஒரு சுற்றுப் பெருத்தார். "பாத்தீரோ மச்சான், இவைக்குத் தெரியுது ஆருக்கு எங்க இடமெண்டு," என்றார். "ஓம், நல்லாத் தெரியுது," என்றேன் நான். சபை ஆட்களின் சைவ மேசை நேரெதிரே. பிறகு சாடியைக் கொண்டுவந்து இலையை அவிழ்த்தார்கள். அந்த வாசம் இன்னும் என் கோட்டில் இருக்கிறது. லின் முதல் கிண்ணத்தை வார்த்து, இரண்டு கையாலும் ஏந்தி, உன் மாமாவின் முன் நின்றார். மண்டபம் முழுக்கக் குச்சி தூக்காமல் காத்திருந்தது.

"மச்சான், இது என்ன?"

"சூப்."

"சைவமோ?"

"ஒரு சாமியாரின்ர பேரிலதான் வைச்சிருக்கினம்."

அவர் கிண்ணத்தை வாங்கிக் கரண்டியால் ஒரு கிளறு கிளறினார். ஒரு காடைமுட்டையும் அதன் பின்னால் ஒரு நரம்பும் மேலே வந்தன. அவர் கரண்டியை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தது நான்தான் என்று அந்தப் பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். எதிர் மேசையில் சபைச் செயலாளர் வடையை வாய்க்குக் கிட்டப் பிடித்தபடி கடிக்காமல் இருந்தார். இதுதான் நான் காத்துக் கிடந்த நேரம், மகன். பொய் சொல்லமாட்டேன், அது மிகவும் இனித்தது. அவர் முகம் சிவந்து, கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழும்பி, அந்த உயரமான நாற்காலியிலிருந்து எல்லோரும் பார்க்க இறங்கிப் போவார் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அப்போதுதான் லின்னின் கைகளைப் பார்த்தேன். கிண்ணத்தைக் கொடுத்த பிறகும் அவர் கைகளை இறக்கவில்லை, ஏந்தினபடியே நின்றார். இரண்டு நாள் நெருப்புக்கு முன்னால் நின்ற மனுசன். உன் மாமா எழும்பிப் போனால் முகம் கெடுவது லின்னுக்குத்தான், அதுவும் கடலோடு போன அவருடைய அண்ணரின் பிள்ளைகள் வந்திருந்த மண்டபத்தில். அங்கால் நீயும் யிங்கும் எழும்பி நின்றீர்கள். உன் முகத்தில் ரத்தமே இல்லை. என் திட்டத்தில் நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், உங்கள் மூன்று பேரை மட்டும் யோசிக்கவில்லை. 'இவர் சைவம், பிழை என்னுடையது' என்று நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தேன். அதுவரைக்கும் ஓயாமல் அடித்த வாய், அப்போது பார்த்து அடைத்துக்கொண்டது.

உன் மாமா உன்னைப் பார்த்தார். என்னையல்ல, உன்னை. பிறகு கிண்ணத்தை எடுத்து, நடுவில் நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தார். முட்டையையும் நரம்பையும் மென்று விழுங்கினார். துவாயால் வாயைத் துடைத்துக்கொண்டு லின்னிடம் "வெரி குட்" என்றார். லின் கண்ணைத் துடைத்தார். மண்டபம் முழுக்கக் குச்சிகள் எழும்பின. எதிர் மேசையில் மட்டும் ஒருவரும் சாப்பிடவில்லை.

அடுத்த கிழமை அவர் தலைவர் பதவியை விட்டார், விடச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் வெஸ்ட் ஈலிங்கிலிருந்து அவர் எங்கள் பக்கம் வருவதில்லை. நீ என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாய். கேட்கமாட்டேன். ஒற்றைச் சப்பாத்தோடு குந்தியிருந்த அந்த நேரத்தை அவர் எனக்குத் திருப்பித் தரட்டும், பிறகு பார்ப்போம். அவருடைய பதவி போனதில் எனக்கு ஒரு துளி கவலையும் இல்லை, வெள்ளிக்கிழமைகளில் இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது. எனக்கு எரிவது வேறு. நான் தோண்டின குழிக்குள் அவர் தானாக இறங்கி, அதற்குள் என்னைவிட உயரமாக நின்றுவிட்டார். அதற்கு எப்படிப் பழி வாங்குவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீ அங்கே போய் ஏதாவது முறை இருந்தால் விசாரித்து எழுது. நீ மட்டும் என்னைப்போல ஒருவரைப் பழி வாங்க நினைத்தால், அவர் நிற்கிற இடத்தில் உன் ஆட்கள் ஆரும் நிற்கிறார்களா என்று முதலில் பார். அவ்வளவுதான் என் புத்திமதி.

அன்றைக்கு மண்டபத்தில், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். அவருடைய மீசையில் சூப் ஒட்டியிருந்தது. "இனி நான் சபைக்குப் போகேலாது. சந்தோசமோ மச்சான்?" என்று மெல்லக் கேட்டார்.

"சந்தோசம்தான். இன்னொரு கிண்ணம் போடச் சொல்லட்டோ?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழே என் கை, அவருடைய புது வேட்டியின் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தது, எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. அவருக்குச் சொல்ல எனக்கு ஒன்று இருந்தது, அன்றைக்கும் சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லிவிடாதே: மச்சான், நான் கவிழ்க்கப் பாத்த என்ர பிள்ளையின்ர வாழ்க்கையை நீர் பிடிச்சு நிறுத்திப்போட்டீர்.